ஸ்டியரிங்கில் ஒன்பது பட்டன்கள்

அந்தக் காரின் ஸ்டியரிங்கில் ஒன்பது பட்டன்கள் இருந்தன. ஷோரூம்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டு விளக்கியது எனக்கும் அப்பாவுக்கும்தான். வண்டியை வாங்கிய அத்தை பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். "இடது பக்கம் பாட்டு, போன். வலது பக்கம் க்ரூஸ் சார். ஒரு வேகத்துல வச்சிட்டா காலை எடுத்துடலாம், தானா ஓடும். நம்ம ரோட்டுக்கு அது வேணாம்." புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பூதலூரில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கடல் தாண்டியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நர்ஸாக மஸ்கட் போய், இருபத்தைந்து வருடம் கழித்து ஒரேயடியாகத் திரும்பினார். என் படிப்பும் எங்கள் வீட்டு மாடியும் அவர் உழைப்பு. அங்கே அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிப் போனது எங்களுக்குத் தெரியும். அதற்கும் அப்பா ஒரு பதில் வைத்திருந்தார்: "அங்க ஸ்டியரிங் இடது பக்கம். இங்க வலது பக்கம். அவளுக்கு ஒத்துவராது." அப்படித்தான் வண்டிச் சாவி என் சட்டைப்பைக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அத்தை சண்டை போடவில்லை. வண்டியோடு வந்த கையேட்டை வரி வரியாகப் படித்தார். ஒருநாள் பட்டன்மேல் விரல் வைத்தபோது, "தொடாதீங்க அத்தை, ஏதாவது ஆயிடும்" என்றேன்.

"ஐசியூவுல ஒரு பட்டனைத் தப்பா அமுக்குனா ஆளே போயிடும் தம்பி. அதை அமுக்கித்தான் உன்னைப் படிக்க வச்சேன்" என்றார். குரல் உயரவேயில்லை.

அறுவடைக் காலம். திருச்சியில் ஒரு கல்யாணம் முடிந்து நாலுவழிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டப்போய் பக்கம் மாறி எதையோ அமுக்கினேன். காலை எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை. முன்னால் பாதிச் சாலையை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். பதறி மேலும் பட்டன்களையே அமுக்கினேன். வேகம் கூடியது. பக்கத்தில் அப்பா "மாதாவே" என்று முனகினார்.

"பட்டனை விடு. பிரேக்கை மிதி" என்றார் அத்தை, பின்னாலிருந்து.

மிதித்தேன். நெல்லைத் தொடாமல் வண்டி நின்றது.

"பிரேக்கைத் தொட்டாலே க்ரூஸ் விட்டுடும். புக்லயே போட்டிருக்கான்" என்றபடி இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "நீ பின்னால போ."

"லைசென்ஸ் வேணாமா?" என்றார் அப்பா.

"போன மாசமே தஞ்சாவூர்ல எடுத்துட்டேன்."

"ஊர்ல பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"ஊர் சொன்னதைக் கேட்டிருந்தா நான் பிளேனே ஏறியிருக்க மாட்டேண்ணே. பெல்ட்டைப் போடுங்க."

நெல்லைத் தாண்டியதும் அத்தை வேண்டுமென்றே க்ரூஸைப் போட்டு, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டார். அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்தார். பூதலூரில் பின்தெரு வழியாக வீட்டுக்கு வந்திருக்கலாம். அத்தை மாதா கோயில் வாசல் வழியாக, மாலைப் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில், மெதுவாக ஓட்டிவந்தார். சாவியை நான் அதன்பிறகு பார்க்கவில்லை.

இப்போது கண் டாக்டரிடம் போவதென்றால் அப்பா என்னைக் கூப்பிடுவதில்லை. காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு, தங்கையின் அறை வாசலில் நின்று கேட்கிறார்: "தஞ்சாவூர் பக்கம் எப்பப் போறே?"

"காப்பி குடிச்சிட்டு வரேன். இருங்க" என்கிறார் அத்தை. அப்பா இருக்கிறார்.