பெரிய மாமா ஓட்டிய கார்

மாத்தளைப் பட்டணத்தில் சொந்தமாகக் கார் வைத்திருந்த தமிழர்கள் அப்போது மிகச் சிலர். அம்மாவின் அண்ணனான என் பெரிய மாமா அவர்களில் ஒருவர். கடைவீதியில் அவருடைய துணிக்கடை பெரியது. மாதா கோயிலில் வேத வாசகம் வாசிக்கும் அவர் குரல் அதைவிடப் பெரியது. தாய் தகப்பனை இழந்த அம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அப்பா வேலை பார்த்ததும் அவர் கடையில். அதனால் எங்கள் வீட்டில் மாமாவின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எனக்கு ஒன்பது வயதானபோது வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்கு என்னை மாத்திரம் காரில் கூட்டிப் போனார். தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வீட்டில் இருந்துவிட்டாள். அன்றைய பூசையிலும் மாமாவே வாசித்தார். செருக்குள்ளவன் எந்த வழியில் போகிறான், நேர்மையானவன் எந்த வழியில் போகிறான் என்பதைப் பற்றிய வாசகம். ஒலிபெருக்கியில் அவர் குரல் மரங்களைத் தாண்டிப் போயிற்று.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது, வழக்கமாகக் காரை ஓட்டும் டிரைவர் அண்ணனைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு மாமா தானே காரை ஓட்டினார். அவர் ஓட்டப் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று அவர் நினைத்திருப்பார். முன்சீட்டில் இருந்த நானும் அதைத்தான் நினைத்தேன்.

திரும்பும் வழியில் ஒரு வளைவில், தலையில் புல்லுக்கட்டோடு போன சிங்களப் பெரியவர் ஒருவரைக் கார் அடித்துத் தள்ளியது. ரோடு முழுக்கப் புல் சிதறிக் கிடந்தது. ஆட்கள் ஓடி வருவதற்குள் மாமா இறங்கி, டிரைவர் அண்ணனைத் தன் இடத்தில் உட்கார வைத்தார்.

"நீ ஓட்டினதா இருக்கட்டும். ஒன் குடும்பத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மகள், நம்ம ரெண்டு பேரும் பின்னாலதான் இருந்தோம். விளங்குதா?" என்றார்.

பொலிஸ்காரர் கேட்டபோது நான் அப்படியே சொன்னேன். அந்தப் பெரியவர் மறுநாள் இறந்துபோனார். டிரைவர் அண்ணனைப் பிடித்து அடைத்தார்கள்.

சில நாள் கழித்து அவர் மனைவி கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அழக்கூட இல்லை.

"அக்கா, ரெண்டு மாசத்துல விட்டுருவாங்கன்னு மொதலாளி சொல்றாரு. நெசமாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணனுக்கு அது எப்படித் தெரியும் என்று அம்மா அன்று இரவு முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "கார்ல நீ எங்கடி உக்காந்திருந்த?" என்றாள். பொய் சொல்ல வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிற்று. பெருமைதான் முன்னால் வந்தது.

"முன்னாலதான்! மாமா ஓட்டினாரு, நான் பக்கத்துல!"

சீப்பு அப்படியே நின்றுவிட்டது.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். மாமா முதலில் சிரித்தார், பிறகு சத்தம் போட்டார்.

"ஊர்ல என் மரியாதை என்னாகும்? நான் ஒன்ன வளத்தது இதுக்குத்தானா?"

"நீங்க வளத்ததுனாலதான் அண்ணே வந்து நிக்கிறேன். நீங்களே போய்ச் சொல்லிருங்க. அன்னிக்கு நேர்மையானவன் வழியப் பத்தி வாசிச்சதும் நீங்கதான்னு இவ சொன்னாளே?"

மாமா கதவைக் காட்டினார். அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். அவர் போகவில்லை. மூன்றாம் நாள், அப்பா தடுத்தும் கேளாமல், என்னைப் பொலிசுக்கு அழைத்துப் போனாள். "உள்ளதச் சொல்லு மகள்" என்றாள். சொன்னேன்.

டிரைவர் அண்ணன் வெளியே வந்தார். மாமாவுக்குச் சிறை கிடைத்தது. அப்பாவுக்கு வேலை போயிற்று. நாங்கள் நாவுல என்ற ஊருக்குக் குடிபோனோம்; அப்பா ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கினார். நான் பல நாட்கள் அம்மாவோடு பேசவில்லை. எங்கள் காரை அவள்தான் பிடுங்கிவிட்டாள் என்று கோபம்.

அங்கே மாதம் ஒருமுறை அம்மா விடியுமுன் எழுந்து அதிரசம் சுடுவாள். கண்டியில் சுகமில்லாமல் இருக்கும் ஒரு தோழிக்கு என்பாள். பஸ் ஏறிப் போய், பொழுது சாயும்போது பொட்டலத்தை அப்படியே திருப்பிக் கொண்டு வருவாள். "அவளுக்கு இனிப்பு ஒத்துக்கலையாம், நீங்க தின்னுங்க" என்று எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். நானும் தம்பியும் அடித்துப் பிடித்துத் தின்போம்.

கண்டியில் அம்மாவுக்குத் தோழி எவரும் இல்லை என்பதையும், அங்கே சிறையில் இருந்த மாமா ஒருமுறைகூட அவளைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை என்பதையும், மாமா இறந்து பல வருடங்களுக்குப் பிறகே அப்பா சொன்னார். அந்த ஒன்பது வயதில் நானோ, அந்தத் தோழிக்குச் சுகமே ஆகக் கூடாது என்று மாதாவிடம் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருந்தேன்.