இரண்டு இஞ்சினும் ஒரு கானும்

கடற்கரையில் பிறந்தும் கடலோடு ஒத்துப்போகாதவன் நான். படகில் ஏறினால் ஐந்தாவது நிமிடம் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும். தொழிலுக்கு உதவமாட்டான் என்று தெரிந்ததும் என்னைப் படிக்க விட்டார்கள். படித்து, அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராகி, வேலை மாறாமல் முகாமைத்துவ உதவியாளர் என்று பெயர் மட்டும் மாற்றப்பட்டு, இப்போது தண்ணீரூற்று என்ற ஊரில் புத்தகங்களோடும் முழங்கால் நோவோடும் குடியிருக்கிறேன். தங்கை முல்லைத்தீவுக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டாள்.

அவளுடைய கணவர், எனக்கு மச்சான், பைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். போன சோளகக் காற்றுக் காலத்தில் அவருடைய இஞ்சின் தூரக் கடலில் நின்றுவிட்டது. எங்கள் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசும். இஞ்சின் ஓடாத படகை அது தள்ளிக்கொண்டே போகும். மறுநாள் மத்தியானம் வேறொரு படகு அவரைக் கட்டி இழுத்து வந்தது. இறங்கியதும் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் வலையைக் காயப்போடச் சொன்னார். அத்தோடு அவர் அதை மறந்துவிட்டார். தங்கை மறக்கவில்லை.

இந்த வருடம் அந்தக் காற்று தொடங்குமுன் ஒரு கேள்வி வந்தது. மச்சானிடம் ஒரு பதினைந்து குதிரைவலு இஞ்சின் இருந்தது. அவருடைய தமையன் வெளிநாடு போகும்போது தன் பதினைந்தையும் இவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். கரையில் பக்கத்து மீன்வாடிக்காரர், அந்த இரண்டையும் தந்தால் தன்னுடைய முப்பதைத் தருவதாகச் சொன்னார். அவருக்கு இரண்டு மகன்மார், இரண்டு சின்னப் படகுகள். நியாயமான மாற்றுத்தான். ஆகவே, இரண்டு பதினைந்தைப் பூட்டுவதா, ஒரு முப்பதைப் பூட்டுவதா?

"ஒண்டு நிண்டாலும் மற்றது கொண்டுவந்து சேர்க்குமண்ணை. எனக்கு அவ்வளவுதான் வேணும்" என்றாள் தங்கை.

மச்சான் முப்பது என்று நின்றார். சில வருடங்களுக்கு முன் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் எல்லோரும் மண்ணெண்ணெய்க் கான்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் விட்டுவிட்டு நாட்கணக்காகக் காவல் இருந்தோமே, அப்போதிருந்து எண்ணெய்ச் சிக்கனம் அவருக்கு ஒரு சமயம் மாதிரி. கடைசியில் தங்கை என்னைக் கூப்பிட்டாள். நான் சொன்னால் அவர் கேட்பாராம். படித்த ஆளாம். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு இப்படியான வார்த்தை எப்போதாவதுதான் கிடைக்கிறது. ஒத்துக்கொண்டேன்.

அவளுக்காக வாதாடத்தான் படிக்க உட்கார்ந்தேன். படிக்காமல் வாதாடியிருக்க வேண்டும். ஒரு கிழமை, ஏழு நாளும், கைத்தொலைபேசியில் கண் நோகப் படித்து முடித்தபோது நான் மச்சானின் கட்சிக்குப் போய்விட்டிருந்தேன். இரண்டு இஞ்சின் என்றால் தண்ணீருக்குள் விசிறி பூட்டிய இரண்டு கால். இரண்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும், கிழிக்க எண்ணெய் வேண்டும். பின்பக்கத்தில் பாரம் கூடினால் படகு குந்திக்கொண்டு ஓடும். சின்ன இஞ்சின் இரண்டும் மூச்சு வாங்க ஓடுகிற வேகத்தைப் பெரியது ஒன்று சாவகாசமாகத் தரும். எல்லாவற்றையும் அவர்கள் வீட்டு விறாந்தையில், ஒரு தாளில் படம் கீறி விளக்கினேன். மச்சான் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். தங்கை தேத்தண்ணிக் கிளாசைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதில் சீனி இல்லை.

ஒருவரும் கோபிக்கக் கூடாதென்றால் பரீட்சித்துப் பார்ப்பதுதான் வழி என்று சொன்னேன். பக்கத்து வாடிக்காரர் முப்பதை ஒரு நாளைக்குத் தர இசைந்தார். கரையிலிருந்து வலைக்கொடி மிதக்கிற இடம்வரை போய்த் திரும்புவது. முதலில் முப்பதோடு, பிறகு இரண்டு பதினைந்தோடு. எது குறைவாகக் குடிக்கிறது என்று பார்ப்பது. வெள்ளைக் கான் ஒன்றில் நானே பேனையால் கோடுகள் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை தொடங்கினோம். எங்கள் கரையில் இஞ்சினைப் படகில் விட்டுவிட்டு வருவதில்லை. வாடிக் கொட்டிலில் பூட்டி வைத்து, காவுதடியில் தொங்கவிட்டு, இரண்டு பேர் தோளில் சுமந்து மணலைக் கடக்க வேண்டும். அன்றைக்கு மூன்று இஞ்சின்கள். ஒரு முனையில் மச்சான், மறுமுனையில் முகாமைத்துவ உதவியாளர். நான் படித்த எந்த இடத்திலும் மணலைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. இஞ்சினின் வினைத்திறனைத் தண்ணீரில் வைத்து மட்டும் அளக்கிறவர்களுக்கு வாடி இல்லையாக்கும்.

முப்பது நல்ல பிள்ளையாகப் போய் வந்தது. நான் படகின் முன்பக்கத்தில், அணியத்தில் சுருண்டு கிடந்தபடி கானின் கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். நடுவில் இருமுறை கடலுக்கு என் பங்கைச் செலுத்தினேன்.

அடுத்து இரண்டு பதினைந்து. வழமையாக ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கான் வைப்பார்கள். இரண்டு கானில் அளந்து கூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அதே கான், அதே கோடு என்றால்தான் ஒப்பீடு சுத்தமாக இருக்கும். இதற்கென்றே மோட்டார் சைக்கிள் கடையில் மூன்று வாய் மூட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கானிலிருந்து ஒரு குழாய், மூட்டிலிருந்து இரண்டு குழாய்.

மச்சான் அதைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டுக்கும் ரெண்டு கானல்லோ வைக்கிறது, மச்சான்?"

பரீட்சை என்றால் என்னவென்று அவருக்குச் சிறிது நேரம் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படகைத் தள்ளப் போனார். அந்த இடைவெளியில் கானை மேல் கோடுவரை நிரப்பினேன். எண்ணெய் கொஞ்சம் போதவில்லை. வாடியில் நின்ற எண்ணெய்ப் பீப்பாவைச் சரித்து அடியில் கிடந்ததையும் ஊற்றினேன். பீப்பாவின் அடியில் தண்ணீர் நிற்கும், அதைத் தொடக் கூடாது, தொட்டாலும் பழைய சாரத்துணியில் வடிக்க வேண்டும் என்பது கரையில் எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் கோடுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

வலைக்கொடிக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்க இஞ்சின் இருமியது. நான் நிமிர்ந்து பார்க்குமுன் வலப்பக்கமும் இருமியது. பிறகு இரண்டும் ஒன்றாக அடங்கின. காற்றின் சத்தம் கேட்டது. கரையில் வாடிக்கு முன்னால் சிறிதாக ஒரு உருவம் எழுந்து நிற்பது தெரிந்தது. அது தங்கைதான். சோளகம் இன்னும் தொடங்கவில்லை என்றாலும், காலைக் காற்று தரையிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. படகு மெதுவாக அவளிடமிருந்து விலகத் தொடங்கியது.

மச்சான் கானின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார், மூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துடுப்புத் தண்டை எடுத்து வலிக்கத் தொடங்கினார். பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அரை மணித்தியாலத்துக்குள் பக்கத்து வாடிக்காரரே வேறொரு படகில் வந்து எங்களைக் கட்டி இழுத்தார்.

கரையில் நாலைந்து பேர் படகை இழுக்கக் கூடிவிட்டார்கள். தங்கை முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். அவளுடைய முகத்தில் அந்தப் பழைய சோளகம் முழுவதும் இருந்தது. மச்சான் இறங்கி, சாரத்தைப் பிழிந்துகொண்டு, மிகவும் சாதாரணமாகச் சொன்னார்:

"பாத்தியே? ரெண்டும் ஒண்டாத்தான் நிண்டது. ரெண்டு பூட்டி என்ன கண்டது?"

தங்கை நனைந்த பாவாடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்ப சரி. முப்பதையே பூட்டுங்கோ" என்றாள். வாதத்தில் தோற்றவர்களின் குரலை அலுவலகத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். இது அதுவல்ல. நம்பிக்கொண்டிருந்த ஒரே ஒன்றும் பறிபோன ஒருத்தியின் குரல்.

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாய் திறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். படம் கீறி விளக்கியவன், இத்தனை பேருக்கு முன்னால், பீப்பாவின் அடியை ஊற்றியது நான்தான் என்று சொல்வானா? சரியான கணிப்பு. நானும் படகின் விளிம்பைப் பிடித்து, இழுப்பதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டு, இரண்டு மூச்சு நேரம் அந்தக் கணிப்பின்படியே நடந்தேன். அறிவாளி என்ற பெயரைச் சம்பாதிக்க எனக்கு முப்பது வருடம் பிடித்திருந்தது. வேறு சொத்தும் பெரிதாக இல்லை.

"பிள்ளை, அது இஞ்சின்ர பிழை இல்லை" என்றேன். "ரெண்டுக்கும் ஒரே கானைக் குடுத்தது நான். அடி எண்ணெய் ஊத்தினதும் நான்தான். ரெண்டு கான் எண்டால் ஒண்டெண்டாலும் ஓடியிருக்கும்."

படகை இழுத்தவர்கள் கையை எடுத்தார்கள். ஒருவர் மூட்டைக் கழற்றி உயர்த்திப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டினார். சிரிப்பு வாடிக்கு வாடி பரவுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. தங்கை சிரிக்கவில்லை. கணவரைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமே?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

மச்சான் கடலைப் பார்த்தார். "படிச்ச மனுசன். தானே சொல்லட்டும் எண்டு விட்டனான்" என்றார். அது பொய். ஆனால் நல்ல பொய். இருவரையும் அரைவாசியாகக் காப்பாற்றியது.

மாற்று நடக்கவில்லை. இரண்டு பதினைந்தும் இப்போது அவர் படகில்தான், ஆளுக்கொரு கானோடு. எண்ணெய் கூடத்தான் போகிறது. நான் படித்ததில் ஒரு வரியும் பிழையில்லை. மச்சான் அதை எனக்கு ஒவ்வொரு கிழமையும் சொல்கிறார், ஏதோ நானே குடிப்பதுபோல.

சோளகம் தொடங்கிச் சில நாட்களில் ஒரு முற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மச்சான் கடலில் இருந்தார். வெளியே காற்று மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. எட்டிப் பார்த்தால், தங்கை பாயில் ஒருக்களித்துப் படுத்து, வாய் சிறிது திறந்திருக்க, நல்ல நித்திரையில் இருந்தாள். போன சோளகத்துக்குப் பிறகு, அவர் கடலில் இருக்கும் நேரம் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

சத்தமில்லாமல் குசினிக்குள் போய் எனக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.