சபைக்கு வராத பிள்ளையும் புஷ்பம் அக்காவும்

மொன்றியல் பக்கம் டோர்வலில் வேலை முடிந்து பஸ்சுக்கு நின்றபோது கைபேசியில் செய்தி வந்தது: புஷ்பம் அக்கா போய்விட்டார். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், வந்தது கோபம். அவரோடு எனக்கு ஒரு மனத்தாங்கல், பேசித் தீர்க்காமலே கிடந்தது.

மொன்றியலில் சாமத்தியவீடு செய்த உங்கள் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். பூப்பெய்திப் பெரியபிள்ளையான மகளைச் சோடித்துப் பல்லக்கில் ஏற்றி, மண்டபம் நிறைந்த சனத்தின் முன் கொண்டுவரும்போது, "இதோ வருகிறார்" என்று ஒலிவாங்கியில் அறிவிப்பவர் அவர்தான். பிள்ளையின் முகத்துக்குள் கமராவை நுழைப்பவர்களை விடமாட்டார். "தம்பி, தள்ளி நில்லும். பிள்ளை மூச்சு விடட்டும்" என்று அதே ஒலிவாங்கியிலேயே சொல்வார். சபை சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

என் மகள் அபிராவின் விழாவுக்குக் கர்க்லாண்டில் பெரிய மண்டபம் எடுத்தோம். பாரிசிலிருந்து மச்சாள் குடும்பம் வந்திருந்தது. வாசலில் பல்லக்கு தயார். உடுப்பு மாற்றும் அறையை விட்டு அபிரா வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், உறுக்கினேன். புஷ்பம் அக்கா என்னை விலக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தவர் நேரே மேடைக்குப் போனார்.

"மகள் இண்டைக்குச் சபைக்கு வரமாட்டா. அது அவவின்ர விருப்பம். சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்கோ."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு. "என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே அக்கா" என்றேன். "கேட்டிருந்தா நீ விட்டிருக்க மாட்டாய்" என்றார். மச்சாள் அந்தக் கதையை இன்றும் பாரிசில் சொல்லித் திரிகிறாள். பிறகு எங்கே கண்டாலும் அக்கா, "பிள்ளை சுகமோ?" என்பார். "ஓம்" என்றுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அபிரா இப்போது கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். வீட்டில் பாதி பிரெஞ்சுதான். அக்காவின் சாவைச் சொன்னதும் குலுங்கி அழுதாள். பிறகு தமிழில் சொன்னாள்:

"அண்டைக்கு உள்ளுக்கு வந்து என்ன கேட்டவ தெரியுமோ அம்மா? 'பயமோ, விருப்பமில்லையோ? பயமெண்டா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன். விருப்பமில்லையெண்டா நான் மட்டும் போறன்' எண்டவ."

கோபம் முழுதாகப் போய்விட்டது என்றால் பொய். அதோடு சேர்த்து அக்காவின் இந்தக் கேள்வியையும் வைத்திருக்கிறேன். அன்று அந்த மண்டபத்தில் அத்தனை சொந்தம் இருந்தது, பெற்ற நான் இருந்தேன். அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.