சங்கரன்கோவிலில் நைஜீரியா காட்டினேன்

நைஜீரியாவில் வாத்தியார் வேலை பார்ப்பவனுக்கு அங்கே இருப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி லீவில் ஊருக்கு வந்து இறங்கியதும் ஆரம்பிக்கும். ஸ்லைடு காட்டுகிற வேலையைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க நம் பக்கத்திலிருந்து அந்த நாட்டுக்குப் போனவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. நீங்களும் அதில் ஒருவர் என்றால், நான் பட்ட பாடு உங்களுக்கு உடனே விளங்கும்.

வடக்கே கானோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எனக்குப் பள்ளிக்கூடம். விடுமுறை விட்டால் போதும், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். இரண்டு வருஷத்தில் ஒரு பெட்டி நிறைய ஸ்லைடு சேர்ந்தது. அதை வெள்ளை வேட்டியில் விழவைக்க ஒரு புரொஜெக்டரும் வாங்கி வந்தேன்.

ஊர் கேட்கிறது, அதனால் காட்டுகிறேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் காட்டியதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்காக. அது என் மனைவி கிரேஸ். கல்யாணமான ஐந்தாம் மாதம் நான் விமானம் ஏறினேன். அவளுக்குச் சங்கரன்கோவிலில் நிரந்தர டீச்சர் வேலை. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். இந்த முறை அவளும் கூட வருவதென்றால், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சம்பளமில்லா லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். "வாரியா?" என்று கேட்டால் "பாப்போம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சரி, பார்க்கட்டும் என்று நினைத்துத்தான் புரொஜெக்டரை எடுத்தேன். ஸ்லைடை ஒவ்வொன்றாகச் சொருகும் வேலையை அவளிடமே கொடுத்தேன்.

அருவிக்கு வந்த கேள்வி

முதல் காட்சி மாமனார் வீட்டு வரவேற்பறையில். மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாரல் விழுந்தது என்று காதில் பட்டால் மறுநாள் குற்றாலத்தில் எண்ணெய்த் தலையோடு நிற்பவர். அவரைக் கவிழ்த்தால் மகளும் சம்மதிப்பாள் என்பது என் கணக்கு. அதனால் எடுத்த எடுப்பில் குராரா அருவியைப் போடச் சொன்னேன். பாறை முழுவதையும் அடைத்துக்கொண்டு தண்ணீர் கொட்டுகிற படம். அதைப் பார்க்க நான் எட்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எண்ணெய் எங்கே தேய்ப்பார்கள், பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று விசாரித்தார். அங்கே யாரும் அடியில் நின்று குளிப்பதில்லை, எட்ட நின்று பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள் என்று சொன்னேன். நாற்காலி பழைய இடத்துக்குப் போனது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குளிக்காம வாரதுக்கு அம்புட்டு தூரம் என்னத்துக்கு மாப்பிள போகணும்?"

கடலை மூட்டை கோபுரம்

இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா வந்திருந்தார். மானாவாரி விவசாயி. அவருக்கென்றே கானோவின் கடலை மூட்டைகளைப் போட்டேன். ஆயிரக்கணக்கான மூட்டைகளைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள், அதைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்கள் என்று விளக்கினேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பொய்யைப் பாதியில் விட்டுவிடுவேன். நான் போன காலத்தில் அந்தக் கோபுரங்களெல்லாம் வறட்சியில் காணாமல் போய்விட்டன, இது கடையில் வாங்கிய படக் கார்டைப் படம் பிடித்தது என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. விளைச்சல் போனதைப் பற்றி அவருக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மழை பெஞ்ச வருசமாப் பாத்து எங்க ஊருக்கு வாங்க சார். நாங்களும் நாலு மூட்டைய அடுக்கி வச்சுட்டு பக்கத்துல நிக்கோம், படம் புடிச்சுட்டுப் போயி அங்கன காட்டுங்க."

ஷூ போட்ட கால்

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு நெசவாளர்கள் தெரு. அவர்களுக்குக் கானோவின் சாயக்குழிகளைத்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். தரையில் கிணறு மாதிரி வட்ட வட்டமாகக் குழிகள்; ஆட்கள் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து நீலச் சாயத்தில் துணியை முக்கி முக்கி எடுப்பார்கள். தெருவே மூச்சடைத்துப் போகும் என்று எதிர்பார்த்தேன். "எங்களுக்கும் அதான பொழப்பு, அடுத்ததப் போடுங்க" என்றார் ஒரு அண்ணாச்சி.

கிரேஸ் கைக்கு வந்ததைச் சொருகினாள். யான்காரி காட்டில் எடுத்த கரையான் புற்று. என்னைப் போல் இரண்டு ஆள் உயரம். புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசிக்கொள்ளும் ஊர் என்பதை நான் எப்படி மறந்தேனோ. முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். படத்தில் நானோ தொப்பியும் ஷூவுமாக, புற்றின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் வைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அடுத்த படத்தைப் போடு என்று கிரேஸுக்குச் சைகை காட்டினேன். அவள் வேண்டுமென்றே கவனிக்கவில்லை. நூல் சுற்றுகிற பேச்சியக்கா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "இம்புட்டுப் பெரிய புத்துக்கு முன்னால செருப்பக் கழத்தாம நிக்கியளே சார், அங்கன கேக்க ஆளில்லன்னுதான?"

இருட்டில் கிரேஸ் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் ஊர் வந்து மூன்று வாரத்தில் அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து கேட்டபோதும் "பாப்போம்" என்றாள்.

துபாய்க்காரரின் சந்தேகம்

கடையநல்லூரில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பனின் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். அவன் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். பிரியாணிக்குப் பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படம் காட்டினேன். பெருநாள் அன்று கானோவில் குதிரைகளுக்கு ஜரிகைத் துணி போர்த்தி ஊர்வலம் வருவார்கள். அந்தப் படத்துக்கு வீட்டுப் பெரியவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அடுத்து நடுக்காட்டில் தானாகச் சுடுகிற வெந்நீர் ஊற்று. அதற்கடுத்து சூமா பாறை, நம் கழுகுமலையை நிமிர்த்தி நிறுத்தியது போல.

துபாய் எப்படி என்று அண்ணனைக் கேட்டேன். ஐந்து வருஷமாக அவர் பார்த்தது தங்கும் அறையையும், வேலைக்கு ஏற்றிப் போகும் வேனையும்தானாம். வெள்ளிக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுத் தூங்குவதற்கே நேரம் சரியாக இருக்குமாம். கடைசிப் படம் முடிந்து ஜன்னலைத் திறந்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வாத்தியாரே, நெசத்தச் சொல்லணும், அங்கன பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்கா?"

கிரேஸ் அவரை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஸ்லைடுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டே வந்தாள்.

கடைசிப் படம்

கடைசிக் காட்சி எங்கள் சபை மண்டபத்தில். பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தனியாகத்தான் திரும்பப் போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல அருவி, பாறை, ஊற்று, குதிரை என்று சொல்லி முடித்தேன். விளக்கைப் போடச் சொல்லி வாயெடுப்பதற்குள் வேட்டியில் இன்னொரு படம் விழுந்தது.

அது என் அடுப்படி. கேமராவில் கடைசியாக ஒரு படம் மிச்சம் இருந்ததால், வீணாக வேண்டாமே என்று எடுத்தது. தரையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். அடிப்பிடித்துக் கழுவாத ஒரு சட்டி. ஆணியில் தொங்கும் வெங்காயப் பை. சுவரில் சாய்த்து வைத்த ஒரே ஒரு தட்டு, அதன் மேல் கவிழ்த்த ஒரே ஒரு டம்ளர். வெட்கமாக இருந்ததால் அதை ஒரு உறைக்குள் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். முன்வரிசையில் எங்கள் ஐயர், சபைப் போதகர், கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "இது எந்த ஸ்தலம் தம்பி?"

"என் அடுப்படி ஐயா" என்றேன். மண்டபம் விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குள் கிரேஸ் என் காதுப் பக்கம் குனிந்தாள். "அருவி, பாறை, குதிரைன்னு ஒரு மாசமா காட்டினிய. அதுல ஒண்ணப் பாத்தும் எனக்கு வரணும்னு தோணல. இந்த ஒத்தத் தட்டப் பாத்த பொறவு, நேத்து லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன். சட்டி கழுவத்தான் வாரேன்னு மட்டும் நெனச்சுக்கிடாதிய, அது உங்க சட்டி."

ஒரு நாட்டின் அருவியும் பாறையும் வெந்நீர் ஊற்றும் சேர்ந்து செய்ய முடியாததை ஒற்றைத் தட்டு செய்து முடித்துவிட்டதால், லீவில் ஊருக்கு வரும் வாத்தியார்களே, கேமராவில் மிஞ்சும் கடைசிப் படத்தை மட்டும் இயற்கைக் காட்சிகளுக்குச் செலவழித்துவிடாதீர்கள்.