தாடிக்காரனாக ஆடப் பழகிய நாட்கள்

கல்யாணமாகிக் காசிமேட்டுக்கு வந்த புதிதில், அந்த வீட்டில் என்னோடு அதிகம் பேசாதவள் என் நாத்தனார்தான். கோபமெல்லாம் இல்லை. அவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் திரும்பி வரும்போது டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து யாரையாவது உதைத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அவளுக்காகப் பர்மா பஜாரில் வாங்கி வந்த பழைய வீடியோ கேம் பெட்டி அது. அதில் ஒரே ஒரு சண்டை விளையாட்டுதான் அவளுக்குப் பிடிக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் சாயும்வரை அடித்துக்கொள்வது.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் பத்துப் பதினைந்து நாளைக்கு வர மாட்டார். மாமியார் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து விற்பவர். நான் எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். நாங்களாகப் பார்த்துப் பண்ணிக்கொண்ட கல்யாணம். அதனால் அவர் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் எங்கே உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியாது. மாமியார் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. ஆனால் விருந்தாளிக்குப் போடுவதுபோலத்தான் எனக்குச் சோறு போடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“அண்ணி, ஆடறியா?”

“எனக்கு ஆடத் தெரியாதே பாப்பா.” வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எனக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா இன்னா? ஒக்காரு.”

திரையில் வரிசையாக முகங்கள் வந்தன. வாள் வைத்திருப்பவன், நெருப்பு விடுபவள், முகமூடி போட்டவன். பாப்பா எப்போதும் எடுப்பது நீளக் கால்கள் உள்ள ஒல்லிப் பெண் ஒருத்தியை. நான் தேடித் தேடி ஒரு பாக்சரை எடுத்தேன். நரைத்த தாடி, கோணல் மூக்கு, பச்சை டிராயர், இரண்டு கையிலும் தலையணை மாதிரி கிளவுஸ். மற்றவர்களிடம் என்னென்னவோ வித்தைகள் இருந்தன. இவனிடம் குத்து மட்டும்தான். படித்துக்கொள்ளக் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன்.

“அவன எடுக்காத அண்ணி. அடி செமத்தியா உழும், ஆனா கிட்ட போனாத்தான். காலே தூக்க மாட்டான்.”

“பரவால்ல, இருக்கட்டும்.”

அவள் சொன்னது உடனே புரிந்துவிட்டது. நான் பட்டனை அழுத்துவேன். தாடிக்காரன் ஆற அமரத் தோளைப் பின்னுக்கு இழுத்து, இடுப்பைத் திருப்பி, அதற்கப்புறம்தான் கையை விடுவான். அதற்குள் அந்த ஒல்லிப் பெண்ணின் கால் அவன் தாடையில் வந்து இறங்கியிருக்கும். அடி விழுந்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிடும். இருக்கிற பட்டன்களையெல்லாம் அழுத்துவேன். அவனோ ஆளே இல்லாத பக்கம் காற்றைக் குத்திக்கொண்டு நிற்பான். அன்று முழுக்க ஓர் ஆட்டம்கூட நான் ஜெயிக்கவில்லை. பாப்பா மட்டும் நன்றாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். அலுவலகத்திலிருந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு நேராக அங்கேதான். தோற்றுக்கொண்டே இருந்தாலும் அந்த அரைமணி நேரம் கையை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை.

பாப்பா பொறுமையாகவே சொல்லிக் கொடுத்தாள்.

“அடி வாங்கும்போது பட்டனத் தொடாத. பின்னாடி அழுத்திப் புடிச்சிகினு இரு, அவன் கையத் தூக்கி மூஞ்ச மறச்சிப்பான்.”

“மறச்சிகினே இருந்தா எப்ப அடிக்கறது?”

“நான் ஒத வுட்டு முடிச்சதும் காலக் கீழ வைக்க ஒரு நேரம் ஆவுதுல்ல, அப்ப உள்ள வா.”

கேட்க எளிதாக இருந்தது. என் விரல் கேட்கவில்லை. அடி விழாத நேரத்தில் மறைப்பேன், விழுகிற நேரத்தில் மறைக்க மறந்து குத்துவேன். இன்னொன்றும் சொன்னாள். பின்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் தாடிக்காரன் குனிவான், உயரமாக வருகிற உதை தலைக்கு மேலே போய்விடும். குனிந்த நிலையிலேயே குத்துப் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் அவன் தோளில் வலு ஏறிக்கொண்டே போகும். விட்டால் ஒரே குத்து, எதிராளிக்குப் பாதி உயிர் காலி. அவனை எடுக்கிறவர்கள் எல்லாம் அந்தக் குத்துக்காகத்தான் எடுப்பார்களாம். எனக்கு அது ஒருமுறைகூட விழவில்லை. பாதியிலேயே பயந்துபோய் விரலை எடுத்துவிடுவேன்.

ஐப்பசி முடியும் நேரம். வானிலை அறிக்கையில் புயல் என்றார்கள். கடலில் இருந்தவர்களையெல்லாம் திரும்பச் சொல்லி வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். படகுகள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தன. என் வீட்டுக்காரர் போயிருந்த படகு மட்டும் வரவில்லை. இன்ஜின் கோளாறு என்று அவர்கள் வயர்லெஸ்ஸில் பேசியதைப் பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து சத்தமே இல்லை என்றார்கள்.

மாமியார் குடையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார். நானும் செருப்பைப் போட்டேன்.

“நீ இன்னாத்துக்கு?” என்றார். “அங்க வந்து நின்னு இன்னா பண்ணப் போற? பாப்பா தனியா கீது. வூட்ல இரு.”

அவர் திட்டவில்லை. ஆனால் எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, வந்தால் பாரம்தான் என்று அவர் சொல்லாமல் சொன்னதாக நினைத்து உள்ளே வந்தேன். மழையால் அலுவலகத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அலை எழும்பும் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பாப்பா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு கேம் பெட்டியைப் போட்டாள்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “இப்ப இது தேவையா பாப்பா?”

அவள் ரிமோட்டை என் பக்கம் நீட்டினாள். கேம் கன்ட்ரோலரை நாங்கள் ரிமோட் என்றே சொல்வோம்.

“நியூஸ் பாத்தா எனக்கு வாந்தி வருது அண்ணி. எங்கப்பா வராதப்பவும் இப்டித்தான் பாத்துகினே இருந்தோம். ஒக்காரு. ப்ளீஸ்.”

மாமனார் கடலுக்குப் போய்த் திரும்பாமலே போனவர் என்று எனக்குத் தெரியும். அன்று வீட்டில் இவள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியாது. உட்கார்ந்தேன்.

அன்றும் அதற்கடுத்த நாளும் நாங்கள் ஆடியதைப் போல் வேறு எப்போதும் ஆடியதில்லை. மாமியார் ராத்திரி மட்டும் வந்துவிட்டு, விடிந்ததும் மறுபடி துறைமுகத்துக்குப் போய்விட்டார். ஓர் ஆட்டம் முடிந்தால் உடனே அடுத்தது. மழை தகர ஷீட்டில் விழுகிற சத்தம் அதிகமாகும்போது அவள் டி.வி. சத்தத்தைக் கூட்டுவாள். நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். ஆனால் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த ஒல்லிப் பெண்ணின் தோள் அசைவதைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். உதைக்கு முன்னால் அவள் இடது தோள் கொஞ்சம் இறங்கும். மறைத்தேன். மறைத்தேன். முதல்முறையாகப் பதறாமல் மறைத்துக்கொண்டே முன்னால் நகர்ந்தேன். தோள் இறங்கியது. குனிந்தேன். உதை தலைக்கு மேலே போனது. பட்டனை அழுத்திப் பிடித்தேன். விட்டுவிடு என்று விரல் கெஞ்சியது. விடவில்லை. அவள் கால் தரையில் படும் நேரத்தில்தான் விட்டேன்.

ஒல்லிப் பெண் திரையின் மறுகோடிவரை பறந்து போய் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

பாப்பா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். “தாடிக்காரன் என்னைக் கொன்னுட்டான் அண்ணி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அடக்க முடியாமல், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். நிமிர்ந்தபோது வாசலில் மாமியார் நின்றிருந்தார். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

இரண்டு பேரும் சட்டென்று விலகி உட்கார்ந்தோம். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகன் போன இடம் தெரியாமல் ஒருத்தி மழையில் நின்றுவிட்டு வருகிறாள். மருமகள் விளையாடிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் குடையை மடக்கி ஓரமாக வைத்தார். எங்களுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தார். “ஒண்ணும் தெரியல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்து, “இதுல நீ யாரு?” என்று என்னைக் கேட்டார்.

“அந்தத் தாடிக்காரன், அத்த.”

“அடி நல்லா உழுந்துச்சா?”

“உழுந்துச்சு அத்த.”

“சரி, ஆடுங்க” என்றார். நாங்கள் ஆடினோம். அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தப்பாகக் குனிந்து உதை வாங்கியபோது “ஐயே” என்று மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் என் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் தெலுங்கில் யாரோ ஏதோ சொன்னார்கள். பிறகு போன் கை மாறும் சத்தம்.

“நான்தான்” என்றார் அவர்.

போனைக் காதில் அழுத்திக்கொண்டு பாப்பாவைக் கை காட்டிக் கூப்பிட்டேன்.

“ஆந்திரால கீறோம். வேற போட்டுக்காரங்க கட்டி இழுத்தாந்து கரை சேத்தாங்க. எல்லாரும் நல்லா கீறோம். போனெல்லாம் தண்ணில ஊறிப்போச்சு. இன்னா பண்ணிகினு கீற?”

“கேம் ஆடிகினு இருந்தேன்” என்று உளறிவிட்டேன்.

அவர் சிரித்தார். இருமலும் சிரிப்புமாக. நான் அழுதேன். மாமியார் என் கையிலிருந்து போனை வாங்கி, “சோறு துன்னியா?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. மகன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். போன் வைத்ததும் கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். பாப்பா பின்பக்கம் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவது கேட்டது. போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் கழுவிக் கொடுத்ததையெல்லாம் வாங்கித் துடைத்து அடுக்கினேன். அப்போதுதான் பசி தெரிந்தது. சோற்றையும் சட்டியோடு பழைய குழம்பையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு சோறு நான் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை.

படகை அங்கேயே விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்தார். உப்புத் தண்ணீரில் ஊறிப் பாதமெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. மாமியார் சுடுதண்ணீர் வைக்கச் சொன்னார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேலை சொன்னார். அதுவரை அந்த வீட்டில் அவர் எனக்கு வேலை சொன்னதே இல்லை. நான் ஓடிப்போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

சாப்பிட்டு முடித்து என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “எங்க, ஆடு பாப்போம். பாப்பா இன்னாமோ சொல்லுது” என்றார். நான் தாடிக்காரனை எடுத்தேன். முதல் சுற்று முடிவதற்குள் அவர் தலை தொங்கிவிட்டது. பாப்பா தலையணையை எடுத்து அவர் கழுத்துக்குக் கீழே கொடுத்தாள்.

“சத்தத்தக் கொறச்சிட்டு ஆடுங்க” என்றார் மாமியார். பாப்பா டி.வி. சத்தத்தை முழுசாக நிறுத்தினாள். சுவரில் சாய்ந்திருந்தவர் குறட்டை விட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டாவது சுற்றைத் தொடங்கினோம்.