பால்காரருக்கு ஒத்துக்கொள்ளாத பால்

இலஞ்சி குத்தாலிங்கம் தென்காசியில் எங்கள் தெருவுக்குப் பதினாறு வருஷம் பால் ஊற்றினார். சாரல் காலத்தில் தன் தலைக்கு ஒன்றும் போட்டுக்கொள்ள மாட்டார். கேன் மூடியின்மேல் மட்டும் வாழை இலையை வைத்து இறுக்கிக் கட்டியிருப்பார். "நான் நனைஞ்சா காய்ஞ்சிருவேன் சார். பால் நனைஞ்சா பேரு போயிரும்" என்பார்.

அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பால் ஒரு வாய் குடிக்க மாட்டார். காப்பி கொடுத்தால், "மோர் இருந்தா குடுங்க" என்பார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

எதிர்வீட்டுப் பாலாம்பாள் மாமிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "கறக்கறவன் குடிக்க மாட்டேங்கறான்னா என்ன அர்த்தம்? அதுல என்ன கலக்கறான்னு அவனுக்குத்தானே தெரியும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

1978 வைகாசிக் கடைசியில் எங்கள் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. குத்தாலிங்கம் கொண்டுவந்த பாலைத்தான் காய்ச்சினோம். பொங்கியதும் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு தம்ளர். ஓரமாக நின்ற குத்தாலிங்கத்தின் கையிலும் மாமி ஒன்றைத் திணித்தார்.

"இன்னிக்கு மோர் கீர்னு சொல்லப்படாது. முதல் பால். நாப்பது பேர் பார்த்துண்டிருக்கோம், குடி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் விவரம் தெரியாமல், "குடிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். மாமியின் முகத்தில் லேசான ஏமாற்றம். அரை மணி நேரம் கழித்துக் குத்தாலிங்கம் என் காதருகே வந்தார்.

"சார், கொல்லை எந்தப் பக்கம்?"

எங்கள் புதுவீட்டுக் கக்கூஸைத் திறந்துவைத்த பெருமை அவரைச் சேரும். மூன்று தடவை.

மறுநாள் காலை பதினோரு வீடுகளில் பால் பாத்திரம் வெளியே வரவில்லை. பால்காரனுக்கே வயிற்றைக் கலக்கிய பாலை யார் வாங்குவார்கள்? நிறைந்த கேனோடு எங்கள் வாசலில் நின்றார்.

"இந்தத் தெரு போச்சுன்னா ரெண்டு மாட்டை வித்துர வேண்டியதுதான் சார். மாடு போனாப் போகுது. கலப்படக்காரன்னு பேராகிப் போச்சே."

என் மனைவி நீலா பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் ஆசிரியை. அவள் அவரை உட்காரவைத்து, வைத்தியர்போல விசாரித்தாள். சின்ன வயதிலிருந்தே பால் குடித்தால் வயிறு உப்பி, இரைந்து, பேதியாகும். மோர் ஒன்றும் செய்யாது. பால் வியாபாரம் செய்கிறவன் இதை வெளியே சொன்னால் பாலையே சந்தேகப்படுவார்கள் என்று பயந்து மறைத்து வந்திருக்கிறார்.

"பாலிலேயே ஒரு சர்க்கரை இருக்கு அண்ணாச்சி. சிலர் குடலுக்கு அதைச் செரிக்க வராது. மோர்ல அது கொஞ்சம் குறைஞ்சிடும்" என்றாள் நீலா.

"நேத்து சீனியே போடல்லியேம்மா" என்றார் அவர் பரிதாபமாக.

நீலா அவரைக் கையோடு எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன்.

"மாமி, நேத்து நாப்பது பேர் குடிச்சோம். இவரைத் தவிர வேற யாருக்காவது வயிறு கெட்டுதா?"

மாமி வாயைத் திறக்கும் முன், ஈஸிசேரில் இருந்த அவர் கணவர் கல்யாணராமன் பேப்பரைத் தாழ்த்தினார். ரிஜிஸ்திரார் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசாதவர்.

"எனக்குக் கெட்டுது. ஆனா எனக்குத் தினமுமே கெடறது."

"தினமுமா? எத்தனை நாளா?" என்றார் மாமி.

"முப்பது வருஷமா. காப்பி குடிச்ச கால் மணியில."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா காப்பியை நிறுத்திடுவியே."

குத்தாலிங்கம் பால் ஊற்ற வந்து அப்போது ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. மீதி இருபத்துநாலு வருஷத்துக்கு யாரைப் பிடிப்பது என்று மாமிக்குத் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் அவரே ஒவ்வொரு வீடாகப் போய், "பாவம், அவன் வயிறு எங்காத்துக்காரர் வயிறு மாதிரி. பால்ல ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாள் எல்லாப் பாத்திரங்களும் வெளியே இருந்தன.

நீலா அதோடு விடவில்லை. மதுரையிலிருந்து சோயா மொச்சை வரவழைத்து, ஆட்டிப் பால் எடுக்கலாம் என்று குத்தாலிங்கத்திடம் கொடுத்தாள்.

"பயறுல பாலா? காம்பு எங்கன இருக்கு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் தடவை பச்சை வாடை தாங்கவில்லை. அவர் மனைவி இராமலட்சுமிதான் வழி கண்டுபிடித்தார். ராத்திரி ஊறிய மொச்சையில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றித் தோலை உரித்து, ஆட்டி, வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு நன்றாகக் கொதிக்கவைத்துக் கருப்பட்டி கரைத்தார். குத்தாலிங்கம் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போலக் கொல்லை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். பஸ் வரவில்லை.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் சேர்க்கச் சொன்னாள் நீலா. சேர்த்தார். சைக்கிள் ஹேண்டில்பாரில் வெள்ளைக் கயிறு கட்டிய சின்னத் தூக்குச்சட்டி ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதில் கல்யாணராமனுக்கு ஒரு பங்கு. காப்பியில் அது சரிப்படவில்லை என்று முகத்தைச் சுளித்தபடியே பத்து வருஷம் குடித்தார்.

மற்ற பால்காரர்கள் கேலி செய்தார்கள். "ஏலே, மாட்டுக்குப் போடுத பயறையா குடிக்க?"

"மாடு குடிக்குத தண்ணியத்தாம்லே நீயும் குடிக்க" என்று மணியடித்துக்கொண்டு போய்விடுவார்.

போன ஐப்பசியில், 1988இல், தூக்கத்திலேயே போய்விட்டார். தகனத்துக்கு மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளிக்கப் புறப்பட்டோம். அவருடைய அண்ணன் சிவசைலம் தன் பசுவின் பாலைச் செம்பு நிறையக் கொண்டுவந்திருந்தார். உள்ளேயிருந்து இராமலட்சுமி வெள்ளைக் கயிறு கட்டிய தூக்குச்சட்டியை எடுத்து வந்தார். கைப்பழக்கத்தில் அந்த ராத்திரியும் மொச்சையை ஊறப்போட்டிருக்கிறார்.

"அத்தான், இதை ஊத்துங்க."

"என்னம்மா இது? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? பசும்பால்தான் ஊத்தணும்."

"உசிரோட இருக்கும்போது ஒத்துக்கிடாதது, இப்ப மட்டும் ஒத்துக்கிடுமா?"

கம்பை ஊன்றி நின்றிருந்த கல்யாணராமன், "அவ சொல்றது சரி" என்றார். சிவசைலம் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார். குனிந்து முகர்ந்தார்.

"ஏலம் போட்டிருக்கியா?"

"சுக்கும் போட்டிருக்கேன். இல்லாட்டா அவுகளுக்கு எறங்காது."

அவர் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். லேசாகத் தூறல் விழுந்தது. சிவசைலம் ஒரு வாழை இலையைக் கிழித்துத் தூக்குச்சட்டியின் மூடிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.