நேத்தும் வந்தீங்களே

கொழும்பில் ஒரு வருட ஒப்பந்த வேலையில் இருந்தபோது, என் பள்ளித் தோழி திருச்சியிலிருந்து மூன்று நாள் லீவில் என்னைப் பார்க்க வந்தாள். வெள்ளிக்கிழமை இரவு விமான நிலையத்துக்கு நானே போய் அவளை அழைத்துவந்தேன். என் அறையில் இருந்த ஒரே கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தேன். புழுக்கமும் கொசுவும் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் படுத்தவுடனே தூங்கிப்போனாள். அந்த இரவு அவள் எங்கே இருந்தாள் என்று பிற்பாடு ஒருவருக்கு மேற்பட்டவர்கள் என்னைக் கேட்டார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை ஹட்டன், மஸ்கெலியா, ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா, திங்கள் அவள் ஊர் திரும்புவது. இதுதான் திட்டம். அந்த வருடம் மழை பொய்த்து மஸ்கெலியா நீர்த்தேக்கம் வற்றிக் கிடந்தது. அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய ஊரின் கோவில் வெளியே தெரிகிறது என்று ஆபீஸில் ஒருவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு வேறெதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

விடியற்காலை ரயிலில் கிளம்பி, பதினொரு மணி வாக்கில் ஹட்டனில் இறங்கினோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவள் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"என்னடி இது, கண்ண மூடிக்கிட்டா நம்ம ஊரு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே இருக்கு."

எனக்கும் முதல் தடவை வந்தபோது அப்படித்தான் இருந்தது. கடல் தாண்டி, மலையேறி, சிங்களத்தில் போர்டு எழுதிய தெருவில் நின்றால், சுற்றிலும் நம் ஊர்ப் பேச்சு. சந்தோஷமாக இருக்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் ஏதோ ஒரு சின்னக் கூச்சம் முதுகில் ஊரும்.

குளிருக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் நடுவயதுக்காரர். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து எனக்கு ஒரு பால் டீயும், அவளுக்கு முன்னால் பால் சேர்க்காமல் இஞ்சி தட்டிப்போட்ட ஒரு பிளேன்டீயும் வைத்தார்.

"நாங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?" என்றேன்.

"நேத்தும் வந்தீங்களே மிஸ்," என்று அவளைப் பார்த்துச் சொன்னார். "சீனி வேணாம், இஞ்சி மட்டும் போடுங்கன்னு சொன்னீங்க."

அவள் டீக்குச் சர்க்கரை சேர்ப்பதில்லை. பத்து வருடப் பழக்கம்.

"நேத்து நான் இந்தியாவுல இருந்தேங்க."

வேடிக்கை பேசுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "சரிங்க மிஸ்," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். நாங்களும் சிரித்தோம். அவள் அந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

மஸ்கெலியா பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தபோது சிரிப்பு நின்றது.

"இன்னைக்குத் தொணைக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்க," என்றார் அவளிடம். "நல்லது. நேத்து ஒத்தையில போறாங்களேன்னு நெனச்சேன்."

நான் வாய் திறப்பதற்குள் அவள் கேட்டாள். "நேத்து நான் எங்க எறங்குனேன்?"

"பழைய கோயில் தெரியுற வளைவுல. நான்தானே எடத்தக் காட்டுனேன். மறந்துட்டீங்களா?"

"அங்கயே எறக்கிவிட்டுருங்க."

அவர் நகர்ந்ததும் உன் ஜாடையில் யாரோ வந்திருப்பார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். பிறகு போனை எடுத்து, படம் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமாக இருந்த முடியைத் தோளுக்கு மேலே வெட்டியிருந்தாள். எனக்கே விமான நிலையத்தில் ஒரு நொடி ஆள் பிடிபடவில்லை.

"முடி வெட்டி நாலு நாள்தான்டி ஆகுது," என்றாள். "இந்த மூஞ்சிய எங்க ஆபீஸ்லகூட இன்னும் யாரும் பாக்கல."

பஸ் எங்களை வளைவில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதன் சத்தம் அடங்கிய பிறகு எதுவும் கேட்கவில்லை. மேலே தேயிலை. கீழே, தண்ணீர் இருந்து வற்றிய சரிவு படிப்படியாகச் சிவந்து கிடந்தது. அதில் ஒரு புல்கூட இல்லை. கறுத்த மரக்கட்டைகள் வரிசையாக நின்றன. ஒரு பழைய தார் ரோடு எங்கள் காலடியிலிருந்து இறங்கி, வழியில் ஒரு சின்னப் பாலத்தைக் கடந்து, நேராகப் போய்த் தண்ணீருக்குள் நுழைந்தது. ரோட்டுக்கு இடப்பக்கம் கோவில். கோபுரத்தின் பாதியும் ஒரு சுவரும் மட்டும். அங்கிருந்த பொம்மைகளுக்கு முகம் கரைந்துபோயிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி ஏரி மேல் நகர்ந்து வந்து கோவிலை மூடியது.

"கீழ போகணுமா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் தேயிலைக்குள்ளிருந்து வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவர், ஐம்பது வயதிருக்கும். அவளைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா புள்ள. எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

நாங்கள் இருவரும் அசையவில்லை.

"நேத்து பொழுது சாயுறப்ப எறங்குன. பனி வருது, நாளைக்கு வந்து பாத்துக்கன்னு சொன்னேன், கேக்கல. இருட்டுற வரைக்கும் இங்கயே நின்னேன். நீ ஏறி வரவே இல்ல. காலையில வந்து கூப்பிட்டுப் பாத்தேன், பனியில ஒண்ணும் தெரியல. இந்தப் புல்லப் போட்டுட்டுப் போலீசுக்குப் போய்ச் சொல்லுவோம்னு இருந்தேன். நல்லவேள. அந்தப் பக்கமா ஏறிட்டியா?"

சொல்லிவிட்டு, மனசு லேசானவராகக் குனிந்து புல்லுக்கட்டைத் தூக்கப் போனார்.

தோழி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அவ இன்னும் கீழதான்டி இருக்கா," என்றாள். "என்னப் பாத்துட்டு எல்லாரும் அவ வந்துட்டான்னு நெனைக்கிறாங்க."

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. டீக்கடைக்காரர், கண்டக்டர், இந்த மனிதர். மூன்று பேரின் கணக்கிலும் ஒருத்தி பத்திரமாகத் திரும்பிவிட்டாள். நாங்கள் வராமல் இருந்திருந்தால் இவராவது இந்நேரம் போலீசுக்குப் போயிருப்பார்.

அவரை நிறுத்திச் சொன்னோம். அவர் நம்பவில்லை. அவள் பாஸ்போர்ட்டை எடுத்து, முந்தின நாள் ராத்திரி குத்திய முத்திரையைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. கிட்டே வந்து அவள் முகத்தைத்தான் பார்த்தார். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நேத்து வந்தது நீங்க இல்லையா?"

'நீ' என்பது 'நீங்க' ஆகிவிட்டது. அதன் பிறகு அவர் அவள் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

மேலே லயத்தைப் பார்த்துக் கைகளைக் குவித்துச் சத்தம் போட்டார். இரண்டு பேர் ஒரு கம்பளியோடு இறங்கி வந்தார்கள். ஐந்து பேருமாகப் பழைய ரோட்டில் இறங்கினோம். பனிக்குள் போனதும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. சில இடத்தில் மேலே காய்ந்து, உள்ளே கால் புதைந்தது. தோழி முன்னால் போனாள். பாலத்தைத் தாண்டியதும், "நேரா போகாதீங்க, பொதைகுழி," என்று பின்னாலிருந்து அவர் கத்தினார். அவள் அதற்கு முன்பே இடப்பக்கம் திரும்பியிருந்தாள். காலடித் தடம் தெரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். எனக்கு எதுவும் தெரியவில்லை.

கோவில் சுவருக்குப் பின்னால் முந்தின நாள் வந்தவள் இருந்தாள். கல்தளம் ஓரிடத்தில் உள்வாங்கி, இடது கால் முழங்கால்வரை கற்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோளுக்கு மேலே வெட்டிய முடி, நீல ஸ்வெட்டர், வெளிறிப்போன உதடு. முதல் பார்வையில் என் தோழியே அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது மூக்கு வேறு, தாடை வேறு என்று தெரிந்தது. ஆனால் நாலடி தள்ளி நின்றால், அது தோழி இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

உயிர் இருந்தது. எங்கள் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். மூன்று ஆண்களையும் என்னையும் அவள் பார்க்கவே இல்லை. தோழியை மட்டும் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "வெளிச்சம் வந்ததும் ஆளக் கூட்டிட்டு வரேன்னு போனீங்க. எவ்வளவு நேரம் ஆச்சு."

கம்பளி வைத்திருந்தவர் ஓரடி பின்னால் போனார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அதை இப்போதும் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

தோழி சேற்றில் மண்டியிட்டு, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"வந்துட்டேன்ல," என்றாள்.

"இப்ப கையி சூடா இருக்கு," என்றாள் அந்தப் பெண். "ராத்திரி ஐஸா இருந்துச்சு."

கற்களைப் புரட்டிக் காலை எடுக்க அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் தோழி கையை விடவில்லை. கம்பளியில் வைத்து மேலே தூக்கி வந்து, ஓர் ஆட்டோவைப் பிடித்து மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறிந்திருக்கிறது, உடம்பு ரொம்பக் குளிர்ந்துவிட்டது, ஆனால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். துண்டுச் சீட்டு எழுதிய நர்ஸ் அந்தப் பெண்ணையும் தோழியையும் மாறி மாறிப் பார்த்து, "அக்கா தங்கச்சிங்களா?" என்று கேட்டார். பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். சிங்களம் கலந்த தமிழில், வெள்ளிக்கிழமை ராத்திரி இந்த மிஸ் எங்கே இருந்தார் என்று என்னிடம் கேட்டார். என் அறையில், கட்டிலில் என்றேன். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் முத்திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஹட்டனில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். இரண்டு கட்டில் இருந்தும் அவள் என்னோடுதான் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா போகவில்லை. போக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. காலையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், வட்டகொடை என்ற ஊரிலிருந்து வந்த அவள் அண்ணன். அவள் அங்கே முன்பள்ளி ஆசிரியை. போன மாதம் அவள் அம்மா இறந்துபோனார். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தது அந்த மூழ்கிய ஊரில்தான். கோவில் தெரிகிறது என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் தனியாகக் கிளம்பிவிட்டாள். விழுந்தபோது போன் தெறித்து எங்கேயோ சேற்றில் போய்விட்டது.

அண்ணன் எழுந்து தோழியைப் பார்த்துக் கும்பிட்டார். "ராத்திரி பூரா தொணைக்கு இருந்தீங்களாமே. ஒங்க காலுல விழணும் நாங்க."

நான் அவளைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாக, ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ராத்திரி நான் ஒங்ககிட்ட என்ன பேசினேன்?"

"ஒண்ணும் பேசல. எதுத்தாப்புல ஒக்காந்துக்கிட்டு, தூங்காத தூங்காதன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் கண்ண மூடுனா கையப் புடிச்சு இழுத்தீங்க. தூங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"ஆமா," என்றாள் தோழி. ஒரு சுளையை அவள் கையில் வைத்தாள்.

திரும்பி வரும் ரயிலில் போகாமல் விட்ட நுவரெலியாவைப் பற்றி, ஊரில் பொதுவான சிநேகிதிகளைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். நாவலப்பிட்டி தாண்டி வெயில் ஏறிய பிறகுதான் என்னால் கேட்க முடிந்தது. ஏன் அப்படிச் சொன்னாய், நீ அங்கே இல்லையே, பொய்தானே அது.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் இல்லன்னு சொன்னா, அப்ப எதுத்தாப்புல யாரு ஒக்காந்திருந்தாங்கன்னு அவ யோசிப்பாடி. வாழ்நாள் பூரா யோசிப்பா. நான்னே இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பெண் இப்போது நன்றாக நடக்கிறாள். தோழிக்கு மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். தீபாவளிக்கு முன்பள்ளிப் பிள்ளைகளின் படம் அனுப்புகிறாள். இருவரும் அந்த இரவைப் பற்றிப் பேசுவதில்லையாம். நான் கொழும்பில் இருந்த மிச்சக் காலத்தில், பொய்த்துப்போன மழை ஒருவழியாக வந்தது. நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டது, கோவில் மூழ்கிவிட்டது என்று ஆபீஸில் சொன்னார்கள். நான் ஹட்டனுக்கு மறுபடியும் இரண்டு தடவை வேலையாகப் போனேன். அந்த டீக்கடைக்குப் போகவில்லை.